தண்ணீர் குடித்த நாள்

நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது ஒரு வித்தை. அதில் நாங்கள் கெட்டிக்காரிகள். விடியும் முன் எங்கள் லயத்து வரிசை வீட்டில் பாலில்லாத கட்டன் சாயா ஒரு தம்ளர், அதோடு சரி. பிறகு சாயங்காலம் கூடையை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்துதான் சொம்பைத் தூக்குவோம். நடுவில் வெயில் அடிக்கும், மழை கொட்டும், மேடும் பள்ளமுமாக ஏறி இறங்குவோம். தொண்டைக்குள் ஒரு சொட்டு இறங்காது. கல்யாணமாகி வரும் புதுப்பெண்ணுக்குக் கொழுந்து பறிக்கக் கற்றுக்கொடுக்கும் முன் இதைத்தான் கற்றுக்கொடுப்போம். "வாய் காஞ்சா ஒரு கொழுந்தைக் கிள்ளி மெல்லு. எச்சியை முழுங்கு, போதும்" என்போம்.

எழுபதுகளில் மூணாறு மலையில், சித்திரபுரத்தைத் தாண்டி மேலே ஏறினால் வரும் தோட்டம் ஒன்றில் நான் கொழுந்து பறித்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். திருநெல்வேலிப் பக்கமிருந்து இரண்டு தலைமுறைக்கு முன்பே மலையேறிய கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வெள்ளைச் சேலை, மற்ற நாளெல்லாம் தலையில் கம்பளி, முதுகில் கூடை.

தண்ணீரை விலக்கியதற்குக் காரணம் ரொம்ப எளிது. அந்த மலையில் பெண்ணுக்கு ஒதுங்க இடமில்லை. ஆண்களுக்கு எல்லா இடமும் இடம்தான். எங்கள் கங்காணி, வேலை சொல்லிக்கொண்டே அப்படியே திரும்பி நின்று, தோளுக்கு மேலாக "ஏ, அந்த நிரையில முத்தல் இலையை விடாத" என்று பேச்சையும் விடாமல் காரியத்தையும் முடித்துவிடுவார். கங்காணி முறையே ஒழிந்துவிட்டது, இனிமேல் அவர் சூப்பர்வைசர் என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு அவர் கங்காணிதான். பெயர் மாறியதால் அவர் திரும்பி நிற்கும் பழக்கம் மாறிவிடவில்லை.

தேயிலைச் செடி இடுப்பளவு உயரம். உட்கார்ந்தால் மறைத்துவிடும் என்று ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் நினைக்கலாம். சரிவில் அப்படியில்லை. மேலே நிற்பவருக்குக் கீழே நடப்பதெல்லாம் தெரியும், கங்காணி நிற்பதோ எப்போதும் மேலே. பல வருஷம் கழித்து ஒரு கூட்டத்தில் யாரோ படித்தவர், சமுதாயத்தில் மேல் என்றால் என்ன, கீழ் என்றால் என்ன என்று விரல்விட்டு விளக்கினார். எனக்கு அந்தச் சரிவுதான் ஞாபகத்துக்கு வந்தது. மேலே இருப்பவர் பார்க்கலாம், கீழே இருப்பவள் அடக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

தாங்கவே முடியாமல் போனால் நாலு பேர் கம்பளியை விரித்துச் சுற்றி நிற்போம், நடுவில் ஒருத்தி உட்காருவாள். மழைக்காலத்தில் அதற்குள் அட்டை ஏறிவிடும், அது எங்கே ஏறும் என்று சொல்லவேண்டியதில்லை. "அங்க என்ன கூட்டம்?" என்று மேலிருந்து கத்தல் வரும். ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை, அதாவது அவள் பறிக்க வேண்டிய செடி வரிசை. அதைவிட்டு விலகினால் வேறொருத்தியை அதில் இறக்கிவிடுவார். இவ்வளவு பாடு எதற்கு என்று நாங்கள் தண்ணீரையே விட்டுவிட்டோம். உடம்பை நாங்களே பூட்டிவைத்துக்கொண்டு, அதைக் கெட்டிக்காரத்தனம் என்று வேறு பீற்றிக்கொண்டோம்.

உடம்பு சும்மா இருக்குமா? எரிச்சல், அடிவயிற்று வலி, குளிர்காய்ச்சல். இது இல்லாத பெண் எங்கள் லயத்தில் இல்லை. பெண் உடம்பென்றால் அப்படித்தான் இருக்கும் என்று இருந்தோம். எனக்கு முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்தது. அதற்கு முந்தின வாரம் முழுக்க அந்தக் காய்ச்சல். என் வீட்டுக்காரர் கோயிலுக்குப் பின்னால் ஒரு சிறு குழி வெட்டினார். அவர் தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுகிறவர், கத்திச் சத்தம் கேட்குமே தவிர அவர் சத்தம் கேட்காது. அன்று குழியை மூடிவிட்டு வந்து, அடுப்புப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதார்.

மறுபடி நான் உண்டானபோது மூன்றாம் மாதத்திலேயே அந்த எரிச்சல் வந்துவிட்டது. தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடினேன். அங்கே இருந்த கம்பவுண்டர் மலையாளி, நல்ல மனுஷர். மாத்திரையை எண்ணிக் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"வெள்ளம் குடிக்கணும் கேட்டோ. வேலை செய்யும்போதும் குடிக்கணும். இல்லெங்கில் இந்தக் குட்டியும் நிக்கில்ல."

அவர் ஊர்ப் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர், குட்டி என்றால் பிள்ளை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ராத்திரி சொம்பு சொம்பாகக் குடித்தேன், பகலில் முடியவில்லை. வேலையை விடவும் வழியில்லை. இத்தனை நாள் வேலை என்று கணக்கு ஒத்துவந்தால்தான் பிரசவச் சம்பளம். பிள்ளையைக் காப்பாற்றத் தண்ணீர் குடிக்க வேண்டும், தண்ணீர் குடித்தால் போக இடமில்லை. என் வயிற்றுப் பிள்ளையின் உயிர் இந்த ஒரு முடிச்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

கம்பவுண்டர் எங்களைப் பற்றித் தோட்டத்து மானேஜர் துரையிடமும் சொல்லியிருக்கிறார். பெண்களெல்லாம் தண்ணீர் குடிக்காமல் வியாதி வரவழைத்துக்கொள்கிறார்கள் என்று. துரை புதிதாக வந்தவர், இளைஞர், எங்கள் பாஷை அரைகுறை. மனசில் கெட்டவர் இல்லை. உடனே காரியத்தில் இறங்கிவிட்டார். பளபளவென்று ஒரு பெரிய பால் கேனில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், அதில் சங்கிலி கட்டிய தம்ளர். காலையில் ஒரு தடவையும் மத்தியானத்துக்கு மேல் ஒரு தடவையும் ஒரு வயசான ஆள் அதைத் தலையில் சுமந்துகொண்டு நிரை நிரையாக வருவார். நாங்கள் அந்தத் தண்ணீரில் கை கழுவினோம். காலில் ஒட்டிய அட்டையைக் கழுவினோம். மிச்சத்தைச் செடிக்கு ஊற்றினோம். மூணாறு மலையிலேயே கொதித்து ஆறிய தண்ணீர் குடித்த செடி எங்கள் தோட்டத்துச் செடியாகத்தான் இருக்கும்.

துரைக்குக் கோபம் வந்துவிட்டது. காலையில் பெரட்டுக் களத்தில், பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் நேரத்தில், எங்களை நிறுத்திப் பேசினார். பெரிய கிளார்க் ஒவ்வொரு வாக்கியமாக மொழிபெயர்த்தார். தண்ணீர் உடம்புக்கு நல்லது. தோட்டம் செலவு செய்து அனுப்புகிறது. நீங்கள் கீழே கொட்டுகிறீர்கள். உங்கள் உடம்பைப் பற்றி உங்களுக்கே அக்கறை இல்லை. நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றோம். அத்தனை பெண்களுக்கும் பதில் தெரியும். ஒருத்தி வாயிலிருந்தும் வரவில்லை. ஆம்பிளைகள் நிற்கும் களத்தில் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? அந்த வெட்கத்தை எங்களுக்கு யார் ஊட்டினார்களோ தெரியாது, தாய்ப்பாலோடு சேர்த்தே ஊட்டிவிட்டார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உடம்பில் இருப்பதைச் சொல்ல வெட்கம், அந்த உடம்பைப் பற்றி அக்கறை இல்லை என்று கேட்டுக்கொள்ள மட்டும் வெட்கமில்லையா?

எனக்குப் பக்கத்து நிரையில் பறிப்பவள் எனக்கு மதினி முறை. வாய்த் துடுக்கு. நாங்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் யூனியன் தலைவர் வீட்டுக்குப் போனோம். அவர் எங்களை உட்காரவைத்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் காது சிவந்துவிட்டது.

"தங்கச்சி, இது... வந்து... போனஸ், கம்பளி, லயத்துக்குக் கூரை, இதையெல்லாம் பேசுற மேசைம்மா அது. அங்க போயி இதை நான் எப்படிச் சொல்லுவேன்?"

"ஏன் அண்ணாச்சி, உங்க வீட்டுல யாரும் போறதில்லையோ?" என்றாள் மதினி.

அவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே பார்த்து, சாயா போடச் சொன்னார். அந்தச் சாயாவைக்கூட நாங்கள் பாதிதான் குடித்தோம். லயத்துக்கு நடந்துபோக வேண்டும் அல்லவா?

அடுத்த நாள் எங்களுக்கு ஃபேக்டரிக்கு நேர் மேலே இருந்த காட்டில் பறிப்பு. காடு என்றால் எங்கள் பேச்சில் தேயிலை மலைதான். குனிந்தால் ஃபேக்டரியின் தகரக்கூரையும் அதன் ஓரத்தில் ஸ்டாஃபுக்கென்று கட்டியிருந்த வெள்ளையடித்த கக்கூசும் தெரியும். அதற்கு ஒரு பூட்டு. சாவி பெரிய கிளார்க்கின் மேசையில்.

காலையிலிருந்தே எனக்கு அடிவயிறு சுருக் சுருக்கென்று இழுத்தது. போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. தண்ணீர்க்காரர் வந்தார். நான் கூடையை இறக்கிவைத்தேன். தம்ளரை முக்கி எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். மறுபடி முக்கினேன். அதையும் குடித்தேன்.

"என்னட்டி செய்யுத? எங்க போவ?" என்றாள் மதினி.

"எங்கயோ போறேன். பிள்ளை போனா திரும்பி வராது மதினி."

அவள் என்னைப் பார்த்தாள். என் வயிற்றைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த தம்ளரைப் பிடுங்கினாள். சங்கிலி இழுபட்டுக் கேனே சாயப் பார்த்தது. "உனக்கு மட்டுந்தான் தொண்டை இருக்கோ?" என்று சொல்லிவிட்டு அவளும் குடித்தாள். அதற்கப்புறம் யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மேல் நிரையிலிருந்தும் கீழ் நிரையிலிருந்தும் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். முதல் வாயில் முகம் சுளித்தவர்கள் அடுத்த வாயில் கண்ணை மூடிக்கொண்டார்கள். எத்தனை வருஷத் தாகமோ! கேன் கவிழ்த்தால்கூடச் சொட்டவில்லை. தண்ணீர்க்காரர் பயந்தே போய்விட்டார்.

கங்காணிக்குத் தலைகால் புரியவில்லை. துரையின் உபதேசம் பலித்துவிட்டது என்று நினைத்து, கையோடு ஆள் அனுப்பிச் சேதி சொல்லிவிட்டார். துரையும் சந்தோஷமாக ஜீப்பில் வந்து இறங்கினார். இறங்கி நிரைக்குள் நடந்துவந்து, காலிக் கேனைத் தட்டிப் பார்த்து, "குட். தண்ணி நல்லது" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

அவர் சிரித்துக்கொண்டிருந்த நேரம்தான் எங்கள் எல்லோருக்கும் முட்டியது.

துரை வந்தால் தலைக் கம்பளியை இறக்கிவிட்டு, ஒதுங்கி, குனிந்து நிற்பது வழக்கம். நான் கம்பளியை இறக்கவில்லை. அவர் எதிரே போய் நின்றேன்.

"தொர, தண்ணி குடிச்சாச்சு. இனி நாங்க எங்க போகணும்?"

அவர் கங்காணியைப் பார்த்தார். "வாட்? எங்கே போகணும்?" கங்காணி வானத்தைப் பார்த்தார். என்றும் பார்க்காத சிரத்தையோடு மேகத்தைப் பார்த்தார். அவர் வாயிலிருந்தும் அந்த வார்த்தை வரவில்லை என்பதைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாள் வெட்கம் எங்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

"சரி தொர, எடம் நாங்களே பாத்துக்கிடுதோம்" என்றாள் மதினி. ஃபேக்டரிப் பக்கம் கையைக் காட்டிவிட்டு இறங்க ஆரம்பித்தாள். பின்னால் நான். எங்கள் பின்னால் முப்பது பேருக்கு மேல். கூடைகளெல்லாம் காட்டிலேயே கிடந்தன. குறுக்குப் பாதையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக இறங்கினோம். யாரோ பின்னாலிருந்து, "மெதுவாப் போங்கடி, எனக்கு இங்கேயே ஆயிரும்" என்று கத்த, அடக்கவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, அதை எழுதி முடியாது.

ஜீப் சுற்றுப்பாதையில் வந்து சேர்வதற்குள் நாங்கள் அந்த வெள்ளைச் சுவர் ஓரம் வரிசை கட்டிவிட்டோம். கிளார்க்குகள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். பெரிய கிளார்க் வாசலுக்கு வந்தார்.

"இது ஸ்டாஃபுக்கு" என்றார்.

"நாங்களும் இந்தத் தோட்டத்து ஆளுகதான்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "சாவியக் குடுங்க ஐயா. இல்லன்னா ஆபீஸ் முத்தத்துலயே இருந்திருவோம்."

துரை ஜீப்பிலிருந்து இறங்கினார். கேட்டார். பெரிய கிளார்க் அவர் காதோரம் ஏதோ முணுமுணுத்தார். துரையின் முகம் சற்று முன் சிரித்த முகமாக இல்லை. காலிக் கேன், பெரட்டுக் களத்துப் பேச்சு, எங்கள் குனிந்த தலைகள், எல்லாம் அந்த நிமிஷத்தில் அவருக்குள் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். காதுவரை சிவந்துவிட்டது. "ஓபன்" என்றார். இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னார்.

நான்தான் முதலில் போனேன். பிள்ளைத்தாய்ச்சி என்று எல்லோருமாகச் சேர்ந்து தள்ளிவிட்டார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். நாலு சுவர், மேலே கூரை, மேலிருந்து யாரும் பார்க்காத இடம். வேலை நேரத்தில் என் ஆயுசில் முதல் தடவை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கொஞ்சம் அழுதேன். வெளியே மதினி கதவை இடித்தாள். "ஜெபத்தை வீட்டுல போயி பண்ணுட்டி, சீக்கிரம் வா!"

ஒவ்வொருத்தியாகப் போய்வர மத்தியானம் ஆகிவிட்டது. சின்ன கிளார்க் ஒருவர் அவசரமாக வந்து, வரிசையைப் பார்த்து, வேறு வழியில்லாமல் கடைசியில் போய் நின்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் யாரும் அவருக்கு இடம் விடவில்லை. ஒரு நாள் அவரும் அடக்கிப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

மத்தியான நிறுவைக்குக் கொழுந்து வரவில்லை. ஃபேக்டரியில் மெஷின் சும்மா நின்றது. மறுநாளும் தண்ணீர் வந்தது, குடித்தோம், இறங்கினோம். அதற்கு மறுநாளும் அப்படியே. கங்காணி நிரையைப் பிடுங்குவேன் என்றார். எல்லா நிரையும் காலியாக இருக்கும்போது யாரிடமிருந்து பிடுங்கி யாருக்குக் கொடுப்பது? துரை நல்லவர் என்று சொன்னேன், அதை மாற்றிச் சொல்லவில்லை. ஆனாலும் எங்களுக்கு இடம் கிடைத்தது அவர் மனசு இளகியதால் மட்டும் இல்லை, கூடையில் கொழுந்து வாடியதாலும்தான். எது வாடினால் என்ன, எங்களுக்கு வேண்டியது கிடைத்தது.

அந்த வாரம் முடியுமுன் கவாத்து ஆட்கள் வந்து குழி வெட்டினார்கள். நாலு கம்பு, சுற்றிலும் தகரம், மேலே தகரம், காலடியில் பலகை. என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். கதவை மேட்டைப் பார்த்து வைத்துவிட்டார்கள். மதினி பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "கங்காணி நிக்கிற பக்கமா கதவு வப்பீக? கட்டுனவுகளே உள்ள இருந்து பாருங்க." கம்பைப் பிடுங்கித் திருப்பி நட்டார்கள். என் வீட்டுக்காரர் கடைசி ஆணியை அடித்துவிட்டு என்னைப் பார்த்து, "இப்ப சரியா?" என்றார். கோயிலுக்குப் பின்னால் குழி வெட்டிய அதே கை. சரிதான் என்றேன். அவர் சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்குச் 'சின்ன பங்களா' என்று பெயர் வைத்தோம். பறிப்பு வேறு காட்டுக்கு மாறினால் தகரம் எங்களுக்கு முன்னால் அங்கே போய்விடும். தகரம் போகாத காட்டுக்கு நாங்களும் போகமாட்டோம். அடுத்த பேச்சுவார்த்தையில் யூனியன் தலைவர், போனஸுக்கும் கம்பளிக்கும் நடுவில் அதையும் சொன்னாராம். காது சிவந்ததா என்று மதினி விசாரித்தாள்.

எனக்கு மகள் பிறந்தாள். மாதம் நிறைந்து, முழுக் குரலெடுத்துக் கத்திக்கொண்டு பிறந்தாள். கம்பவுண்டர் அவளைத் தூக்கிப் பார்த்து, "நல்ல வெயிட்டுண்டு" என்றார். தோற்ற சண்டைகள் என் வாழ்க்கையில் நிறைய. இதில் ஜெயித்தேன், ஜெயித்தேன் என்று வாய்விட்டே சொல்வேன்.

பிள்ளையைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு நான் மறுபடி கூடை கட்டிய சமயத்தில், எங்கள் தோட்டத்து லாரி டிரைவர் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போய்ப் பெண் கட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணை என் பக்கத்து நிரையில் விட்டார்கள். மலையும் புதுசு, குளிரும் புதுசு. தண்ணீர் வந்ததும் இரண்டு தம்ளர் குடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கங்காணி மேலே நின்றுகொண்டிருக்க, நிரையின் நடுவிலிருந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"ஏனுங்க்கா, ஒதுங்கறதுக்கு எங்கீங்க போகோணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் கங்காணி, கொழுந்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "இந்தா, வலது பக்கம், அந்தத் தகரம்" என்றார். அவள் சரிங்க என்று போனாள். வந்தாள். கூடையைக் கட்டினாள். விட்ட இடத்திலிருந்து பறிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது. மதினி கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அவள் கண்ணும் நனைந்திருந்தது. நான் நிமிர்ந்து நின்று கைதட்டித் தண்ணீர்க்காரரைக் கூப்பிட்டேன். எனக்கு இன்னொரு தம்ளர் வேண்டும் என்றேன்.